தையல்காரி கட்டிய மணி

என் ஓரகத்தி தையல்காரி. அவள் வாயும் கத்தரிக்கோலும் ஒரே கூர். யார் தப்பு செய்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். அவளே தப்பு செய்வாள் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும்தான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் கடற்கரை. அங்கே ஒரு சின்னப் பறவை வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடும். எந்தக் காலத்திலோ கப்பலில் எலி பிடிக்க வந்த பூனைகள் இங்கே இறங்கிப் பெருகி, அந்த இனத்தையே விரல்விட்டு எண்ணும்படி ஆக்கிவிட்டன. குஞ்சு பொரிக்கும் மாதங்களில் அவரவர் பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பதென்று தெருவே கூடிப் பேசியது.

ஓரகத்திதான் குறுக்கே புகுந்தாள். "அடைச்சு வெச்சா அதுக்குப் பைத்தியம் பிடிச்சிரும். கழுத்துல மணி கட்டி விடுவோம். சத்தம் கேட்டா பறவை தப்பிச்சிடாதா?"

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊர் உலகம் பேச்சோடு நிறுத்திக்கொள்ளும். இவள் எல்லாப் பூனைக்கும் மணி கோத்த கழுத்துப்பட்டி தைத்துக் கட்டியே விட்டாள்.

குஞ்சுகள் பொரிந்ததும் ஒருநாள் காலை நாங்கள் இருவரும் எங்கள் முறைக்குக் குழிகளைக் காவல் காக்கப் போனோம். மணிச் சத்தம் கேட்டது. தாய்ப்பறவை அலறிப் பறந்தது. குஞ்சுகள் ஓடவில்லை. பறக்கத் தெரியாத அவை, ஆபத்தென்றால் அசையாமல் மணலோடு மணலாகப் படுத்துவிடும். பருந்தை அப்படி ஏமாற்றலாம். பூனைக்குத்தான் மூக்கு இருக்கிறதே! நாங்கள் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அது அவள் வீட்டுப் பூனை.

வீடு வரைக்கும் அவளே அதைத் தூக்கி வந்தாள்.

அன்று மாலைக் கூட்டத்துக்கு அடுத்த தெருக்காரர்களும் பட்டி கேட்டு வந்திருந்தார்கள். அவள் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள்.

"தெரியாம நடந்ததுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" என்றார் எங்கள் தெருவில் முடிவெட்டுகிறவர்.

"தெரிஞ்சுக்கணும்னே எனக்குத் தோணலையே. என் பூனை கதவுகிட்ட நின்னு கத்துறதக் கேக்க முடியாதுன்னுதான் மணின்னு சொன்னேன். பறவைய நான் நெனைக்கவே இல்ல. மத்த குழியில இன்னும் குஞ்சு இருக்கு. இன்னைக்கே எல்லாரும் பூனைய உள்ள போடுங்க."

போட்டார்கள். மறுநாள் நான் போனபோது அவள் வீட்டுக் கதவைப் பூனை உள்ளேயிருந்து கத்திக் கத்திப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அவள் புருஷன், என் கொழுந்தன், பொறுக்க முடியாமல், "அந்தப் பின் ரூமுலயாவது போட்டு மூடேன், தாங்கல" என்றார்.

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"இங்கயே கத்தட்டும். எனக்குக் கேக்கணும்."