கிருமி இல்லாத ரத்தம்

ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் கிருமிப் பரிசோதனைக்கூடத்தில் பாதி வேலை. "வளர்ச்சி இல்லை" என்று ஒரு ரப்பர் முத்திரையே வைத்திருந்தோம். நீங்களும் ஒரு நாள் அந்தச் சின்ன ஜன்னலுக்கு வெளியே, கையில் சீட்டோடு, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி நின்றிருப்பீர்கள். உள்ளே இருப்பவன் வேண்டுமென்றே தாமதிக்கிறான் என்று பல்லைக் கடித்திருப்பீர்கள். உள்ளே இருந்தவன் நான்தான். கிருமி தனக்குத் தோன்றும்போதுதான் வளரும். அதை உங்களாலும் அவசரப்படுத்த முடியாது, என்னாலும் முடியாது. நான் சொல்வதெல்லாம் எழுபதுகளில், மயிலாப்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நடந்தவை.

சைதாப்பேட்டை ரத்தம்

கிருமிகளுக்கு நாங்கள் போட்ட சாப்பாடு ஆட்டு ரத்தம். வட்டக் கண்ணாடித் தட்டில் அகர் என்ற கடற்பாசிக் கூழை ஊற்றி, அதில் ரத்தத்தைக் கலந்து உறைய விட்டால் சிவப்பாக, பளபளவென்று நிற்கும். நோயாளியின் தொண்டையிலோ புண்ணிலோ எடுத்ததை அதன்மேல் தீற்றி, உடம்புச் சூட்டிலிருக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவோம். மறுநாள் திறந்தால் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். சில புள்ளிகளைச் சுற்றி மட்டும் சிவப்பு மறைந்து, கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். கிருமி உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் அது தொடாத ரத்தமும் கரைந்துபோயிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தெளிந்த வளையத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரத்தம் வாங்க சைதாப்பேட்டையில் ஒரு கறிக்கடைக்கு விடியற்காலையில் போக வேண்டும். கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் பிடித்து, உறையாமல் இருக்க விடாமல் குலுக்க வேண்டும். நான் கடை வாசலில் நின்று குலுக்குவதைக் கறி வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எதற்கு என்று கடைக்காரர் ஒரு நாள் கேட்டார். சொன்னேன். கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பூச்சிக்குக் கூட நம்ம கடை சரக்குதான் புடிக்குதா, நைனா?"

எல்லார் மூக்கிலும்

அங்கே கிருமி ஆராய்ச்சி நடத்திய பெண் மருத்துவரை டாக்டரம்மா என்றே எல்லோரும் அழைத்தோம். மாட வீதியில் வீடு. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். குழந்தைகள் வார்டில் சில குழந்தைகளுக்கு வெந்நீர் கொட்டியதுபோல உடம்பு சிவந்து தோல் உரியும். தோலில் தேடினால் கிருமி இருக்காது. தொப்புளிலோ கண் ஓரத்திலோ இருக்கும். இருப்பது ஓரிடம், கெடுப்பது வேறிடம். அது எப்படி என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தக் கிருமி தட்டில் பொன்னிறமாக வளரும். ஆரோக்கியமானவர்களிடமும் இருக்கிறதா பார்க்கலாம் என்று ஒரு நாள் எங்கள் எல்லோருடைய மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார். மறுநாள் என் தட்டில் பொன் முளைத்திருந்தது. டாக்டரம்மாவின் தட்டிலும். ஆராய்ச்சிக்கு வளர்த்த முயல்களைக் கவனித்துக்கொண்ட மாசிலாமணியின் தட்டில்தான் இடமே இல்லாமல் முளைத்திருந்தது. அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இத்த மூக்குல வச்சிக்கினுதான் பொண்ணு பாத்து, கல்யாணம் கட்டி, புள்ள பெத்து, எல்லாம் பண்ணிக்கினு கீறேனா?"

முயலின் ஜுரம்

பொன்னிறக் கிருமியை இறைச்சிச் சாற்றில் வளர்த்து, அந்தச் சாற்றை மிக நுண்ணிய வடிகட்டியில் இறக்குவோம். கிருமி மேலே தங்கிவிடும். கீழே சொட்டுவது நிறமற்ற, வாசனையற்ற ஒரு திரவம். தட்டில் இட்டுப் பார்த்தால் எதுவும் வளராது. உயிருள்ளது எதுவும் அதில் இல்லை.

மாசிலாமணி முயலை மரப்பெட்டியில் தலை மட்டும் வெளியே தெரிய உட்கார வைப்பார். காது நரம்பில் நான் அந்தத் திரவத்தை ஏற்றுவேன். பிறகு வெப்பமானியோடு காத்திருப்பது. முதலில் ஒன்றும் நடக்காது. முயல் மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் காது சுருங்கிக் குளிர்ந்துபோகும், உடம்பு நடுங்கும், பாதரசம் ஏறத் தொடங்கும். ஜுரத்தை உண்டாக்குவது அந்தத் துளி இல்லை, அதைக் கண்ட முயலின் உடம்பே தன்னைக் கொளுத்திக்கொள்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். மாசிலாமணி மிச்சத் திரவத்தை ஆட்டிப் பார்த்தார். முயலைப் பார்த்தார். பிறகு என்னிடம், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டார்.

"உள்ள ஒண்ணுமே இல்லன்ற. அப்ப இன்னாத்தக் கண்டு இப்டி பயந்துச்சு அது?"

காராச்சேவு

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் அழியாத திருநீறு. தி.நகரில் ஜவுளிக்கடை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கடையில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்களாம், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய தம்பி கணபதி மேலே வார்டில் கிடந்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று ஜுரத்தில் சாய்ந்திருக்கிறார். வாந்தி, பேதி. உடம்பு முழுக்க வெயிலில் காய்ந்ததுபோலச் சிவப்பு. கண் சிவப்பு. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் நிற்கவில்லை. டைபாய்டு என்றார் ஒருவர், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருவர்.

ரத்தத்தை வளர்த்துப் பார்க்க எனக்கு அனுப்பியிருந்தார்கள். குடுவையை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். கலங்கவே இல்லை. முத்திரையைக் குத்தி ஜன்னல் வழியே நீட்டினேன். என்ன அர்த்தம் என்று கேட்டார். ரத்தத்தில் கிருமி இல்லை என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போனவர் பெரிய காராச்சேவுப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, மாசிலாமணிக்கும் எனக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். அந்த நேரத்தில் வார்டிலிருந்து இறங்கி வந்த டாக்டரம்மா கையை நீட்டவில்லை. கணபதிக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. கிருமி இருந்தாலாவது எதை அடிப்பது என்று தெரிந்திருக்கும். அண்ணாச்சி பொட்டலத்தை நீட்டியபடியே நின்றார்.

"கிருமி இல்லைன்னு எழுதியே தந்துட்டாங்கம்மா. அப்ப தம்பி பொழச்சுக்கிடுவாம்லா?"

பஞ்சு

டாக்டரம்மா அவரை உள்ளே கூப்பிட்டு, முயல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்தார். எங்காவது வெட்டுக்காயம் உண்டா, கட்டி, கொப்புளம், முள் குத்தியது, பல் பிடுங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு கீறல்கூடக் கிடையாது என்று அண்ணாச்சி சத்தியம் செய்தார். வார்டிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். வேறு கேள்வி இல்லாமல் டாக்டரம்மா மாசிலாமணியிடம் காபி வாங்கி வரச் சொன்னார்.

காபியைக் கையில் வாங்கியதும் அண்ணாச்சிக்குப் பேச வந்தது. தம்பியைப் பற்றித்தான் பேசினார். "அவன மாதிரி உழைக்கிறவன் ரங்கநாதன் தெருவுலயே கிடையாதும்மா. இந்த யாவாரத்துல மூக்குல ரத்தம் கொட்டுது, சட்டையெல்லாம் ரத்தம். பக்கத்துல கிளினிக்குல காட்டி பஞ்ச வச்சு அடைச்சுட்டு, நேரா வந்து கல்லாவுல உக்காந்துட்டான். மூக்குல பஞ்சோட பில்லு போடுதான். வந்த பொம்பளையாளுக எல்லாம் சிரிக்காக. அவனும் சிரிக்கான்."

டாக்டரம்மா தம்ளரை மேஜையில் வைத்தார். "அந்தப் பஞ்சை எடுத்தாச்சா?"

"வெளிய தெரிஞ்சத அவனே பிச்சுப் போட்டுட்டாம்மா. ரத்தந்தான் நின்னுட்டுல்லா."

"உள்ள இருந்தது?"

அண்ணாச்சி பதில் சொல்வதற்குள் டாக்டரம்மா எழுந்துவிட்டார். அவர் ஓடி அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. நானும் ஒரு சோதனைக்குழாயை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வார்டுக்கு வரவழைத்த மூக்கு டாக்டர் விளக்கைப் பிடித்து, வளைந்த இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். பஞ்சுக்கு உள்ளே நீளமாக அடைத்திருந்த துணி வந்தது. இன்னும் வந்தது. முகத்துக்குள் அவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நாற்றத்தில் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் நுனியை வெட்டிக் குழாயில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. ஏதோ சந்நிதியில் பேசுவதுபோல இருந்தது.

"மூக்க விட்டு அது வெளியவே வரல, பாத்தேளா. அங்கயே உக்காந்துண்டு, விஷத்த மட்டும் ரத்தத்துல அனுப்பி ஆள முழுக்க சாய்ச்சிருக்கு."

புதுத் தோல்

மறுநாள் தட்டில் வேறெதுவும் கலக்காமல் பொன் மட்டுமே முளைத்திருந்தது. மூக்கில் எடுத்தது என்று மட்டும் சொல்லி யாராவது அதை எங்களிடம் அனுப்பியிருந்தால், எல்லோருக்கும் இருப்பதுதான் என்று ஒதுக்கியிருப்போம். மேலே வார்டில், துணியை எடுத்துவிட்டு மருந்தையும் மாற்றிய பிறகு, கணபதியின் ரத்த அழுத்தம் மெல்லப் பிடித்து நின்றது. தீபாவளியன்று அவர் கண்ணைத் திறந்து கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாராம். இந்த நோய்க்கு அப்போது எங்களிடம் பெயர் கிடையாது. பெயர் கடல் தாண்டி வந்து சேர்ந்தபோது அவர் பழையபடி பில் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போவதற்கு முன் அண்ணாச்சி அவரைப் பின்கட்டுக்கு அழைத்து வந்தார். இளைத்து, சட்டை தொளதொளவென்று இருந்தது. உள்ளங்கையிலிருந்து தோல் தாள் தாளாக உரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல ரோஜா நிறத்தில் புதுத் தோல். என்னைக் கொல்லப் பார்த்தது எது, காட்டுங்கள் என்றார். தட்டைத் திறக்காமல் வெளிச்சத்தில் காட்டினேன். தினமும் பட்டுப் புடவை பார்க்கிற கண். கிட்டே குனிந்து பார்த்தார். இது இன்னும் என் மூக்கில் இருக்குமா என்று கேட்டார். இருக்கலாம், எங்கள் மூக்கிலும் இருக்கிறது, இடம் கொடுத்து அடைத்து வைத்தால்தான் இந்த வேலை செய்யும் என்றார் டாக்டரம்மா. கணபதி மறுபடியும் தட்டின் மேல் குனிந்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு! சரி, அதையும் கூட்டிக்கிட்டுத்தான் கடைக்குப் போகணும் போல."

சொல்லிவிட்டு அந்த உரிந்த கைகளைக் குவித்து ஒரு கும்பிடு போட்டார். அது டாக்டரம்மாவுக்கா, எனக்கா, மேஜை மேல் இருந்த தட்டுக்கா என்பதை மட்டும் எந்தப் பரிசோதனையிலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.