ஹாலம் வீட்டுப் பனியுருகல் படம்

இங்கிலாந்தின் வடக்கே குளிர்காலத்தில் துணி காய்வதில்லை, விறைக்கிறது. ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். என்னைப்போலக் கப்பலேறியவர்களுக்குத் தெரியும். நான் வந்த முதல் மாசியில், காலையில் கொடியில் போட்ட வேட்டி மதியம் பலகையாகி நின்றது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் சரித்து நுழைந்தபோது வீட்டுக்காரர் ஹாலம் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

நூற்பாலையில் வேலை பழக வந்த நான் அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். எழுபதை நெருங்கிய, தனியாக வாழும் மனிதர். முன்பு மலையில் ஆடு வளர்த்தவர். அதை ஏன் விட்டார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சாப்பாட்டறைச் சுவரில் அவரே வரைந்த படம் ஒன்று தொங்கியது. கல்லடுக்கிய மதிலுக்கு அப்பால் சரிந்திறங்கும் மேடு, ஈரம் ஊறிய கறுப்பு மண், பள்ளங்களில் தேங்கிய நீர், மதிலோரம் அழுக்கேறிய வெள்ளைத் திட்டுகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தின்முன் நின்றிருந்தேன். பின்னால் வந்தவர் "தா" என்றார். எதைக் கேட்கிறார் என்று புரியாமல் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை நீட்டினேன். அவர் படத்தைக் காட்டினார். பனி உருகுவதற்கு அவர்கள் பாஷையில் அதுதான் சொல்லாம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. தோவாளைப் பக்கத்து எங்கள் வயல்களில் அணை திறந்து முதல் தண்ணீர் பாயும்போது மண் இப்படித்தான் கறுக்கும் என்றேன்.

"நல்ல காலம் பிறக்கிற படம். மிச்சமிருக்கிற பனியும் இரண்டு நாளில் போய்விடும்" என்றும் சொன்னேன்.

ஹாலம் ஒரு வெள்ளைத் திட்டின்மேல் விரலை வைத்தார்: "அது பனி இல்லை. என் ஆடுகள்."

நாற்பத்தேழாம் ஆண்டுப் பனியில் மந்தை முழுவதும் மதிலோரம் ஒண்டி நின்று மூடிப்போயிற்று. நாள்கணக்கில் கம்பால் குத்திக் குத்தித் தேடினார். பனி உருகியபோது அத்தனையும் நின்ற இடத்திலேயே தெரிந்தன. "வேறு ஆடு வாங்கலாமே என்றார்கள்" என்று சொல்லிவிட்டு, கோப்பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். கப்பல் டிக்கெட் கைக்கு வந்திருந்த ஐப்பசி அது. குளத்தங்கரை உடைந்து வெள்ளம் தொழுவத்தை அடித்துக்கொண்டு போயிற்று. நீர் வடிந்த காலையில் அப்பா வரப்பில் என்னைத் தடுத்தார்.

"ஏலே மக்கா, அங்கன போவாத. நம்ம மாடு ரெண்டும் கெடக்கு."

சேற்றில் இரண்டு வெள்ளை முதுகுகள் தெரிந்தன.

"வேற சோடி வாங்கலாம்ப்பா. அதுக்கு இப்பிடியா நிக்கது?" என்றேன். எனக்குப் புறப்படுகிற அவசரம். நாகர்கோவிலில் நான் பஸ் ஏறும்வரை அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுத்தறியாத மனிதரின் பிடிவாதம் என்றே கடல் தாண்டியும் நினைத்திருந்தேன்.

அன்றே ஊருக்கு எழுதினேன். ஹாலமின் ஆடுகளைப் பற்றி எழுதி, கடைசியில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சில வாரங்களில் தம்பியின் பதில் வந்தது.

"அண்ணே, கடுதாசிய அப்பாவுக்கு வாசிச்சேன். அந்த ஆட்டுக்காரரு சங்கதிய மட்டும் இன்னொருக்கா வாசிக்கச் சொன்னாவ. பொறவு, அந்த மனுசனுக்குப் பிள்ளைய உண்டுமா, ஒத்தையிலயா கெடக்காருன்னு கேட்டாவ. ஒங்களப் பத்தி ஒண்ணும் கேக்கல்ல."

ஹாலமிடம் அப்பாவின் கேள்வியைச் சொன்னேன். அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"ஒரு மகன் இருக்கிறான், கனடாவில். எழுதுவதில்லை. அப்படியே எழுது."

எழுதினேன். அதற்கும் பதில் வந்தது. அன்றுமுதல் இரண்டு கிழவர்களும் என் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். அங்கே கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததா, இங்கே மலையில் ஆடுகள் எப்போது ஈனும் என்று. எனக்கென்று ஒரு வரி எந்தப் பக்கமிருந்தும் வந்ததில்லை. மேசைக்கு எதிரே ஹாலம் காத்திருக்க, அப்பாவின் சொற்களை ஆங்கிலமாக்கி அவரிடம் வாசிக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் பிள்ளை, தேசம் விட்டுப் போனவன்தான்.