சோப்புத் திட்டின் விரிசல்

டைல்ஸ் இடுக்கு பூசுகிற அந்தப் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யாரிடம் விசாரித்தாலும் "யாரு, ஏன் அக்காவா?" என்றுதான் கேட்பார்கள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற வாய் அது. கல்யாணப் பேச்சு எடுத்து வந்த கொத்தனாரிடமே, "ஏன் உங்க சட்டையில ஒரு பட்டன் மட்டும் வேற கலர்ல இருக்கு?" என்று கேட்டவள். மனிதர் அசரவில்லை, கட்டிக்கொண்டார். அவரோடு வேலைக்குப் போய்க் கலவை தூக்கினாள். பிறகு அவருக்குப் பொறுமை இல்லாத இடுக்கு வேலையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். "டைல்ஸ் ஒட்டுறவனுக்குப் பேரு, இடுக்கு பூசுறவளுக்கு முதுகுவலி" என்று புலம்புவாள். புலம்பல் வாயோடு சரி. இடுக்கை அடைக்க அவள் பூசிய கிரவுட் கலவை விரிந்தது என்று யாரும் சொன்னதில்லை.

அதனால்தான், தன் வீட்டுக் குளியலறை இடுக்கை அவளிடம் பூசக் கொடுத்திருந்த மருந்துக்கடைக்காரர் போனில், "அக்கா, நீங்க பூசின இடம் மறுபடியும் விரிஞ்சிடுச்சு, திரும்ப ஒழுகுது" என்றபோது அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே மண்டையைக் குடைய ஆரம்பித்துவிட்டது. எல்லா இடுக்குமா விரிந்தது? இல்லை, ஒன்றே ஒன்று. சோப்பு வைப்பதற்காக முட்டி உயரத்தில் கட்டிய சின்னத் திட்டின் விளிம்பு மட்டும். அது ஏன்?

மாடியில் குளியலறை, அதற்கு நேர் கீழே சமையலறை. கடைக்காரரின் மனைவி அடுப்புக்கு முன்னால் நின்றால் பிடரியில் சொட்டென்று விழும். அவளுக்கு வீட்டையே இடித்துவிடலாம் போல இருந்தது.

"பூசுறதுக்கு முன்னாடி பழசை நல்லாச் சுரண்டினீங்களா அக்கா?" என்றார் கடைக்காரர், அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும்.

"மாத்திரையில தேதி பாத்துத்தான் குடுக்கறீங்களான்னு நான் என்னிக்காவது உங்களைக் கேட்டேனா தம்பி?"

பழைய கிரவுட்டை அடிவரை சுரண்டி, தூசி தட்டி, ஈரத்துணியால் ஒற்றி, புதுக் கலவையை ரப்பர் பலகையால் சாய்வாக அழுத்தித்தான் பூசியிருந்தாள். காயும்வரை ஷவர் பக்கம் யாரையும் விடவில்லை. வேலையில் எள்ளளவும் குறை இல்லை. அப்படியானால் குறை குளிக்கிறவர்களிடம் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கூரையை அண்ணாந்து பார்த்தபடி, வீட்டில் எல்லாரையும் வரிசையாகக் குளிக்கச் சொன்னாள். முதலில் கடைக்காரரின் மனைவி குளித்தாள். கூரை காய்ந்தே கிடந்தது. கடைக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார். ஒரு சொட்டு இல்லை. மிச்சம் அவருடைய அப்பா. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் நூல் பிடித்ததுபோல் நிமிர்ந்து நிற்பார்.

"நான் காலையிலேயே குளிச்சாச்சு" என்றார்.

"இன்னொரு தடவை குளிச்சா கரைஞ்சா போயிடுவீங்க சார்?"

முணுமுணுத்துக்கொண்டே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கூரையில் ஈரம் பொட்டு வைத்து, பெரிதாகி, சொட்டியது.

"மாமா குளிச்சாத்தான் சொட்டுது!" என்று மருமகள் கூவினாள்.

"தண்ணியையும் மிரட்டுறாரோ என்னமோ" என்றார் மகன்.

ஏன் அக்காவுக்குச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. அதே ஷவர், அதே தண்ணீர். அவர் வெளியே வந்ததும் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தாள். புதிதாகத் தெறித்த சோப்பு நுரை எல்லாம் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கீழேயே இருந்தது. நின்று குளித்திருந்தால் நுரை இவ்வளவு கீழேயா தெறிக்கும்? யோசித்தாள். பிறகு, புடவை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். கை தானாகப் போய்ச் சோப்புத் திட்டின் விளிம்பைப் பிடித்தது. அவள் இழுத்த இழுப்புக்கு அந்த டைல்ஸ் ஒரு மயிரிழை அசைந்து, விரிசல் வாய் திறந்து, திட்டில் தேங்கிய தண்ணீர் உள்ளே இறங்கியது. ஸ்க்ரூடிரைவர் கட்டையால் தட்டினாள். மற்றவை டக் டக் என்றன, இது பொத்துப் பொத்தென்றது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே தினமும் ஒரு ஆளின் எடை முழுவதும் அந்தச் சின்னத் திட்டில் தொங்கியிருக்கிறது. விரியாமல் என்ன செய்யும்?

கண்டுபிடித்த சந்தோஷத்தில் கீழே இருப்பவர்களைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாசலில் டிரில் மாஸ்டர் நின்றிருந்தார்.

"கத்தாதேம்மா" என்றார். "ஹால்ல ஒரு தடவை விழுந்துட்டேன். குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலைன்னு அன்னிக்குச் சமாளிச்சேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆள் போட்டுத்தான் குளிப்பாட்டணும்னு பையன் சொல்லிட்டான். எவனோ ஒருத்தன் வந்து எனக்கு முதுகு தேய்க்கணுமா? கதவைத் தாழ் போட்டுக் குளிக்கிறவனாவே இருந்துட்டுப் போறேன்மா. வேற ஒண்ணும் கேக்கலை."

"ஏன் சார் தரையில உக்காரணும்? ஸ்டூல் போட்டுக்கலாமே?"

"ஸ்டூல் உள்ள போனா, எதுக்குன்னு கேள்வி வருமே."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மறுபடி பூசினாலும் இவர் மறுபடி இழுப்பார். ஒருநாள் டைல்ஸ் கையோடு வந்துவிடும்.

அதற்குள் மகன் மாடியேறி வந்துவிட்டார். பின்னாலேயே மருமகளும். "என்னக்கா, ஏன்னு தெரிஞ்சுதா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. கிழவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"தெரியலை தம்பி" என்றாள். காது மடலெல்லாம் சுட்டது. "என் வேலைதான் சரியில்லை போல. சரியாச் சுரண்டலையோ என்னமோ."

"அப்படின்னா இனிமே வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார் மகன். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் அவளை இன்னும் சுட்டது. சுரண்டியை எடுத்துப் பையில் போட்டாள்.

"நிறுத்துடா!"

மைதானம் முழுக்கக் கேட்கிற குரல். மருமகள் திடுக்கிட்டுப் போனாள்.

"அவ வேலையில ஒரு குறையும் இல்லை. நான்தான். என்னால நின்னு குளிக்க முடியலை. உக்காந்து குளிச்சிட்டு, அதைப் பிடிச்சு எழுந்திருக்கிறேன்."

மகன் சோப்புத் திட்டைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "விழுந்திருந்தா?" என்றார்.

"விழலை."

"விழுந்திருந்தாப்பா?"

அவர் ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம் தம்பி" என்று ஏன் அக்கா நடுவில் புகுந்தாள். "செவுத்துல இரும்புக் கைப்பிடி ஒண்ணு போட்டா டைல்ஸும் தப்பிக்கும், சாரும் தப்பிப்பாரு. எந்த உயரம்னு அவருதான் உக்காந்து காட்டணும்."

டிரில் மாஸ்டர் அத்தனை பேர் முன்னாலும் மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். மகன் பக்கத்தில் குந்தி, உள்ளங்கை பட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். தூக்கிவிடக் கை நீட்டிய மருமகளுக்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மூச்சு வாங்க, அவராகவே எழுந்தார். எழுந்து மகனுக்கு எதிரில் கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார்.

"சரி, ஆள் எப்ப வரான்?"

மகன் பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார்.

"ஆளெல்லாம் வேண்டாம்ப்பா. ஸ்டூல் வாங்கிட்டு வரேன். தாழ்ப்பாளை நீங்களே போட்டுக்குங்க. நான் வெளியில உக்காந்திருக்கேன்."

டிரில் மாஸ்டர் தொடையோடு ஒட்டியிருந்த கைகளைத் தளர்த்தினார். சரி என்று தலையை ஆட்டினார்.