சுல்பா கேட்ட சுறா

சுல்பா பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பள்ளிவாசல்துறையில் அவளைத் தெரியாதவர் இல்லை; அவளுடைய குரலைத் தெரிந்தவர்தான் குறைவு. ஓ.எல். பரீட்சை எழுதியதோடு படிப்பை விட்டுவிட்டு, ஊர் முன்பள்ளியில் உதவிக்குச் சேர்ந்தாள். காலையில் கூட்டுவாள், பாய் விரிப்பாள், மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்குத் துடைத்துவிடுவாள். உம்மாவைத் தேடி அழும் பிள்ளை யாரிடம் போனாலும் கடைசியில் அவள் மடியில் வந்துதான் அடங்கும்.

முன்பள்ளியை நடத்திய டீச்சர் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போனதும், ஊரார் சுல்பாவையே பொறுப்பெடுக்கச் சொன்னார்கள். ஆனால் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் வகுப்பை அவள் பேருக்குத் தர முடியாது. அதற்காகத்தான் சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறிப் புத்தளத்துக் கல்லூரிக்கு முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா படிக்கப் போனாள்.

படிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு பிள்ளை ஏன் கடிக்கிறது, இன்னொன்று ஏன் மூலையைவிட்டு வராது என்றெல்லாம் விரிவுரையில் சொல்லும்போது, ஊரில் உள்ள ஒவ்வொரு முகமாக அவள் கண்ணுக்குள் வந்து போகும். எழுத்துப் பரீட்சைகளில் குறையில்லை. கற்பித்தல் பரீட்சையில்தான் விழுந்தாள். அபிநயத்தோடு பாடிக் காட்ட வேண்டும். கைகள் அபிநயம் பிடித்தன, பாட்டு வரவில்லை. இன்னும் ஒரு தரம்தான் வாய்ப்பு. அதிலும் தவறினால் டவுனிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டுவருவார்கள். இரண்டு பேரை வைத்துக்கொள்ள அந்தச் சின்னப் பள்ளிக்கு வசதியில்லை.

கல்பிட்டிப் பக்கத்திலிருந்து வரும் யூஜினிதான் வகுப்பில் அவளுக்கு நெருக்கம்.

“என்னடி, சத்தத்தை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டா வாறனீ?” என்றாள் யூஜினி.

“புள்ளைகளுக்கு முன்னுக்குப் பயமில்ல. பெரியாக்கள் பாத்தா தொண்ட அடைக்கிது.”

“அப்ப பாட்டை விடு. விளையாட்டு மூலை எடு. பிள்ளையள் கத்துற கத்துல நீ கத்தினியா இல்லையா எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?”

சுல்பா அதையே எடுத்தாள். பிள்ளைகள் தங்கள் விருப்பத்துக்கு விளையாட வேண்டும். டீச்சர் அதை மறிக்காமல் அதற்குள் தானும் சேர வேண்டும். அதைத்தான் பார்த்துப் புள்ளி போடுவார்கள்.

பரீட்சை நாளில் கல்லூரியிலிருந்து ஸபீனா மெடம் புள்ளி போட ஊர் முன்பள்ளிக்கு வந்தார். எல்லாரையும் போல வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் ஒடுங்கி உட்கார்ந்தார். சுல்பா ஒரு மூலையில் காட்போட் அடுப்பும், சிரட்டைச் சட்டிகளும், பெரிய பழைய பானை ஒன்றும் வைத்து வீடு கட்டியிருந்தாள். பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சோறு ஆக்கினார்கள். அதற்குப் பிறகு றிப்னாஸ் எழும்பினான். அவனுடைய வாப்பா கரையில் மீன் ஏலம் கூறுகிறவர்.

“கறிக்கு மீனில்ல!” என்று கத்திக்கொண்டு வெளியே ஓடியவன், கை நிறையச் செருப்புகளோடு திரும்பி வந்தான்.

“சூட மீன்! சூட மீன்! இப்ப புடிச்ச சூட!”

மற்றப் பிள்ளைகளும் ஓடிப்போய் அவரவர் செருப்பைத் தூக்கி வந்து பாயில் பரப்பினார்கள். கடைசியாக றிப்னாஸ் இழுத்துக்கொண்டு வந்தது மெடத்தின் கறுப்புச் செருப்பு.

“இது சுறா!”

‘வைங்க மகன்’ என்று சுல்பா ஒரு சொல் சொன்னால் போதும், விளையாட்டு நின்றுவிடும். மெடத்தின் பேனை அசையாமல் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கத் தைரியமில்லாமல் பிள்ளைகளைப் பார்த்தாள்.

ஒவ்வொருவரும் தங்கள் மீனுக்குப் பின்னால் பெருமையாக நின்றார்கள். ஃபஹ்மியா மட்டும் சுவரோடு ஒட்டி, ஒரு பாதத்தை மற்றப் பாதத்தால் மறைத்துக்கொண்டு நின்றாள். செருப்பு அறுந்த நாளிலிருந்து அவள் வெறுங்காலோடுதான் வருகிறாள்.

“ஒனக்கு மீனில்லத்தானே, போ,” என்றான் றிப்னாஸ். ஃபஹ்மியாவின் உதடு பிதுங்கியது.

சுல்பா அவளருகே குந்தினாள். “எனக்கும் மீனில்ல மகள். ரெண்டு பேரும் வாங்குவமா?”

ஃபஹ்மியா சுறாவைக் காட்டினாள். காதுக்குள் “அஞ்சு” என்றாள்.

“அஞ்சு ரூவா,” என்றாள் சுல்பா.

“ஆரு கேட்ட? ஒண்டும் வெளங்கல்ல!” என்றான் றிப்னாஸ்.

“நூறு!” என்று இன்னொரு பிள்ளை, நபீலா, குறுக்கே பாய்ந்தாள்.

ஃபஹ்மியாவின் விரல்கள் சுல்பாவின் கையை இறுக்கின. “ஆயிரம் சொல்லுங்க,” என்றாள் அழுகைக்குள்.

“ஆயிரம்!”

எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ. வீதியில் பாண் விற்றுக்கொண்டு போனவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

“காணா, இன்னம் கூட்டுங்க. தலயே பத்துக் கிலோ,” என்றான் றிப்னாஸ், வாப்பாவைப் போல இடுப்பில் கை வைத்து.

“தலய ஆரு திண்ணுற? கண்ணப் பாருங்க, முந்தாநாள் மீன்! ஆயிரத்துக்கு மேல ஒரு சதம் தரமாட்டம்!” என்றாள் சுல்பா.

பிள்ளைகள் குலுங்கிச் சிரித்தார்கள். றிப்னாஸ் மூன்று தரம் கூறி, சுறாவைத் தூக்கி ஃபஹ்மியாவின் கையில் கொடுத்தான். அவள் அதைப் பானைக்குள் திணித்து அடுப்பில் ஏற்றினாள். ஒரு வார் வெளியே தொங்கியது.

நேரம் முடிந்து மெடம் எழும்பினார். “மகள், அந்தச் சுறாவ எனக்குத் தாங்களேன்?”

“இன்னம் அவியல்ல,” என்றாள் ஃபஹ்மியா.

சுல்பா குனிந்து அடுப்பை ஊதினாள். மெடம் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தார். “சரி, ருசி பாத்திட்டே போறன்.”

கறி இறக்கி, சிரட்டையில் பரிமாறி முடிந்த பிறகுதான் செருப்பு கைக்கு வந்தது. வாசலில் அதைப் போட்டுக்கொண்டே மெடம் சொன்னார்:

“பெறுபேறு கல்லூரியால வரும். ஆனா நீங்க பயந்துகொண்டு இரிக்க வேணாம். நான் நல்லாத்தான் எழுதியிரிக்கன். வகுப்ப நீங்களே எடுங்க.”

சுல்பா தலையை மட்டும் ஆட்டினாள். மெடத்துக்கு அது போதுமாக இருந்தது.

பள்ளி விட்டு மற்றப் பிள்ளைகள் போன பிறகும் ஃபஹ்மியாவின் உம்மா வரவில்லை. மணல் சுட்டது. சுல்பா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

“நாளைக்கும் நீங்கதான் வருவீங்களா?”

“ஓம் மகள். நாளைக்கும் நான்தான்.”

ஃபஹ்மியா அவள் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். வீடு வந்தபோது தூங்கியிருந்தாள்.