மூன்று ராஜா இருந்தும்

போன வாரம் லைட்ஹவுஸ் குப்பத்தில் போக்கர் கற்றுக்கொண்டேன். அன்றைக்கே ஒரு வேலையும் போனது.

தேவராஜ் அண்ணன் படகில் ஓர் ஆளுக்கு இடம் காலி. இருந்தவர் மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு நானும் அருளும் போட்டி. எனக்கு அது கிடைத்தே ஆக வேண்டும் — மூன்று நாளாக மதியச் சாப்பாடு டீயும் பன்னும்தான்.

காற்று எச்சரிக்கை. ஒரு படகும் இறங்கவில்லை. வலைக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு ஐடியா வந்துவிட்டது.

“ரெண்டு பேரும் சீட்டாடுங்கடா. ஜெயிச்சவன் படகுல ஏறலாம்.”

ரம்மி என்றால் பரவாயில்லை. அருள் போக்கர் என்றான். கோவாவில் சூதாட்டக் கப்பலில் பாத்திரம் கழுவியவன். கற்றுக்கொடுப்பதும் அவன்தான், எதிரே உட்காருவதும் அவன்தான்... இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா?

ஆளுக்கு இருபது மட்டிச் சிப்பி ஓடு. அதுதான் பந்தயம். தீர்ந்தவன் அவுட். கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து. ஒரே மாதிரிச் சீட்டு அதிகம் சேர்ந்தவனுக்குக் கட்டிய ஓடெல்லாம்; பயந்து கவிழ்த்தால் எதிராளிக்கு. ரம்மி ஞாபகத்தில் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டேன்.

“யோவ், கீழ வெய்யி! அது பொது,” என்று கத்தினான் அருள். “கையில இன்னா கீதுன்னு மூஞ்சில காட்டாத. அவ்ளோதான் போக்கரு.”

இந்தக் கரையில் அதைச் சொல்லித்தர வேண்டுமா? கரையேறும் படகில் “இன்னா பாடு?” என்று, எவ்வளவு மீன் பட்டது என்று கேட்டுப் பாருங்கள். “கொழம்புக்குக்கூட தேறல” என்பார்கள். பெட்டி நிறைய இறால் என்று அர்த்தம்! உண்மையைச் சொன்னால், நாளைக்கு அதே இடத்தில் பத்துப் படகு வந்து நிற்குமே. வெறும் வலையோடு வந்தவன்தான் சத்தமாகப் பேசுவான்.

அருளும் அப்படியே ஆடினான். அவன் சலித்துக்கொண்டால் சீட்டைக் கவிழ்த்து விலகினேன். துள்ளினால் துணிந்து கட்டினேன். முதலில் தோற்றதெல்லாம் திரும்பி வந்து, ஓடு சமமானது.

அப்புறம் வந்தது அந்த ஆட்டம். என் கையில் இரண்டு ராஜா, நடுவில் இன்னொன்று! பதினாறு ஓடு கட்டினேன். அவனும் கட்டினான். மிச்சம் ஆளுக்கு நாலு.

அருள் தலையைச் சொறிந்தான். “ப்ச்... கொழம்புக்குக்கூட தேறல மச்சி,” என்றபடி நாலையும் நடுவில் தள்ளினான்.

அதே கரைப் பேச்சு. பெரிதாக எதையோ வைத்திருக்கிறான்! நாலு ஓடாவது மிஞ்சட்டும் என்று கவிழ்த்தேன்.

அவன் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஒரு ரெண்டு, ஒரு ஏழு. நடுவில் இருந்த எதோடும் சேரவில்லை.

“தேறலன்னு சொன்னேன்ல? நீதான் நம்பல!”

தேவராஜ் அண்ணன் என் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். வலைக் குவியல்மேல் விழுந்து சிரித்தார். “அட நைனா, மூணு ராஜாவ வெச்சிகினு ஓடிட்டியேடா!”

மிச்ச நாலு ஓடும் அடுத்த ஆட்டத்திலேயே போயின. கூடவே படகும்.

எல்லோரும் பொய் சொல்லும் இடத்தில் உண்மையைப்போல் ஆளைக் கவிழ்ப்பது வேறெதுவும் இல்லை.

காற்று ஓய்ந்துவிட்டது. அருள் கடலில் இருக்கிறான். நான் கரையில் ஐஸ் உடைக்கிறேன், ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மதியச் சோறு கிடைக்கிறது... பின்பக்கம்தான் மரத்துப்போகிறது.