ஈப்பெட்டிக்குப் பக்கத்தில் உபதேசம்

நல்லது சொல்றதுக்குச் சம்பளம் வாங்குற உத்தியோகம் மாதிரி வம்பு பிடிச்ச உத்தியோகம் உலகத்துல கிடையாது. வாத்தியார்மாரே, அம்மை குத்துறவங்களே, ஊர் ஊராப் போய் நல்லதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டுத் திரும்புற சகல ஜீவன்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்குச் சொல்றேன்.

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலம். சர்க்கரைக்கு ரேஷன். குடியானவங்களுக்குப் பெட்டியில தேனீ வளர்க்கக் கத்துக்குடுன்னு சர்க்கார் என்னைப் பெரம்பலூருக்கு அனுப்பி வச்சுது. ஒரு சைக்கிள், ஈயை அடக்க ஒரு புகைச்சட்டி, மூஞ்சிக்கு ஒரு வலை, அவ்வளவுதான் என் ஆபீஸ். ஜனங்க எனக்கு வச்ச பேரு ஈக்கார சார்.

வேலை தற்காலிகம். முந்திரிப் பூ முடியற சமயத்துல பெரிய ஆபீசர் வந்து பார்ப்பாரு. அவருக்குத் திருப்தின்னா வேலை நிலைக்கும், இல்லேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். என் கல்யாணமும் இதுலயே சிக்கிக்கிட்டுக் கிடந்துச்சு. உடையார்பாளையத்து முந்திரித் தோப்புக்காரர் சோமசுந்தரம் தன் மக வேதவல்லியை எனக்குத் தர்றதாச் சொல்லியிருந்தாரு. ஆனா, “வேலை நிலைக்கட்டும் தம்பி, அப்புறம் தாம்பூலம் மாத்திக்குவோம்”னுட்டாரு. என்னோட பெரம்பலூர்ல இருந்த எங்க அம்மா, இலையில சோறு விழறப்பல்லாம், “என்னடா, நிலைச்சுதா?”ன்னு கேப்பாங்க.

எங்கிட்ட ஒரு கோளாறு உண்டு. பெட்டியைத் திறந்து காட்டிட்டுச் சும்மா வரமாட்டேன். ஈயைப் பார்த்து மனுஷன் வாழக் கத்துக்கணும்ங்கிறது என் கட்சி. நானே அப்படித்தான் என் முன்கோபத்தைக் குறைச்சுக்கிட்டு வர்றதா நம்பிக்கிட்டிருந்தேன். அதனால பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி ஒரு உபதேசம் கட்டாயம் உண்டு. வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பிச்சுது.

ராணி விவகாரம்

திருமானூர்ல அம்மாக்கண்ணுன்னு ஒரு அம்மா. வீடே அவங்க சொல்படிதான் நடக்கும். மருமக செல்லம் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. முதல் தடவை பெட்டியைத் திறந்தப்போ, “ஒரு பெட்டிக்கு ஒரு ராணிதான். அதனாலதான் அங்க சண்டை சச்சரவு இல்லை”ன்னு உபதேசம் பண்ணினேன். அம்மாக்கண்ணு முகம் பூரிச்சுப்போச்சு. “கேட்டுக்கிட்டியாடி?”ன்னு மருமகளைப் பார்த்தாங்க. எனக்கு அன்னிக்கி மோர்க்குழம்போட சாப்பாடு.

அடுத்த தடவை போனப்போ செல்லம் வாயைத் திறந்துச்சு. “சார், அந்தப் பெட்டிக்குள்ள இன்னொரு ராணி வந்துட்டா என்னாங்க ஆவும்?” நான் உற்சாகமாயிட்டேன். விஞ்ஞானத்துல இப்படி ஒரு ஆர்வமான்னு. “பாதி ஈயைக் கூட்டிக்கிட்டு ஒரு ராணி வெளியே போயிடும்மா.” “எதுங்க போவும்? புதுசா, பழசா?” அந்த இடத்துல நான் இருமியிருக்கலாம். சைக்கிள்ல காத்து இல்லேன்னு சொல்லி எந்திரிச்சிருக்கலாம். உண்மையைச் சொல்லித் தொலைச்சேன். “பழைய ராணிதாம்மா போகும்.”

செல்லம் புருஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துச்சு, அவ்வளவுதான். அம்மாக்கண்ணு என் புகைச்சட்டியைத் தூக்கி வாசல்ல வச்சாங்க. “ஏன் சார், மூணு மாமாங்கமா நான் கட்டிக் காத்த வூட்டை விட்டு என்னை வெளிய போவச் சொல்லத்தான் சர்க்கார் உனக்குச் சைக்கிள் வாங்கிக் குடுத்திருக்கா?”

ஆண் ஈயின் பெருமை

அந்தச் சூடு ஆறட்டும்னு அரும்பாவூர்ப் பக்கம் போனேன். இனிமே ராணியைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சங்கல்பம். அதனால ஆண் ஈயைப் பத்திப் பேசினேன்! உழைப்போட மகிமையை விளக்கணும் பாருங்க. “இந்தத் தடிச்ச ஈ இருக்கே, இது பூவுக்குப் போகாது, கூடு கட்டாது, கொட்டக்கூட இதுக்குத் தெரியாது. தின்னுட்டுக் கிடக்கும். பூ குறைஞ்ச காலத்துல மத்த ஈயெல்லாம் சேர்ந்து இதைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடும்.”

பெட்டி வாங்கினவரு முத்துசாமி. தங்கமான மனுஷன், ஆனா கயித்துக் கட்டிலை விட்டு எந்திரிக்கிறதுன்னா அவருக்கு நல்ல நாள் பார்க்கணும். களை பறிக்கிறதுலேர்ந்து மாடு கட்டுறது வரைக்கும் அவரு சம்சாரம் பொன்னம்மாதான். அந்த அம்மா கதவோரமா நின்னு பூராவும் கேட்டுச்சு. கேட்டுட்டு உள்ள போய் அடுப்பை அணைச்சுடுச்சு.

மறுநாள் நான் கிளம்புறப்போ முத்துசாமி ஊர் எல்லையில வந்து சைக்கிளை மறிச்சாரு. ராத்திரி மாட்டுக் கொட்டாயில படுத்திருந்தாராம், தலையெல்லாம் வைக்கோலு. கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாரு. “சார், நல்லா யோசனை பண்ணி அந்த ஆம்பிளை ஈக்கு ஏதாச்சும் ஒரு வேலை சொல்லுங்க, நான் வூட்டுக்குப் போவணும்.”

வேலியோரம்

உடையார்பாளையத்துக்கு நான் அடிக்கடி போவேன். பெட்டியைப் பார்க்கத்தான் போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன், யாரும் நம்பலை. வேதவல்லி கதவுக்குப் பின்னாடிதான் இருக்கும். வளையல் சத்தம் மட்டும் கேக்கும். சோமசுந்தரத்துக்குச் சொல்ற சாக்குல அந்தச் சத்தத்துக்குத்தான் நான் உபதேசம் பண்ணிக்கிட்டிருந்தேன். “கூட்டை விட்டுக் கிளம்புற ஈ, வயிறு முட்டத் தேன் குடிச்சுட்டுத்தான் கிளம்பும். அது கொட்டாது. பதறாம கிட்டப் போனா எதுவும் நம்மை ஒண்ணும் பண்ணாது. வாழ்க்கையும் அப்படித்தான்.” சொல்றப்போ எனக்கே என் மேல ஒரு மதிப்பு வரும். உண்மையில அந்த மாதிரி ஈக்கூட்டத்தை நான் ஒரு தடவைகூட வெறுங்கையால தொட்டதில்லை.

சோமசுந்தரம் பெட்டியை வச்சுக்கச் சம்மதிச்சாரே தவிர, அவருக்குள்ள ஒரு பயம். ஈ வந்து குடிச்சா பூவோட சத்து போயிடும், முந்திரி பிடிக்காதுன்னு அந்தப் பக்கமெல்லாம் ஒரு பேச்சு. ஈ வந்தாத்தாங்க காய் பிடிக்கும்னு தொண்டை வத்தச் சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டே பெட்டியைத் தோப்போட கடைசி மூலையில, வேலிக்கு ஓரமா, வாசலை அந்தப் பக்கம் பார்த்தாப்புல வைக்கச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். காதுக்கிட்ட குனிஞ்சு ரகசியமாச் சொன்னாரு. “பூவைக் குடிச்சா பக்கத்துத் தோப்புக்காரன் பூவைக் குடிக்கட்டும் தம்பி, நமக்குத் தேன் வந்தா போதும்.”

தொப்பி

உடையார்பாளையத்துத் தோப்பைப் பார்க்க ஆபீசர் வந்தே வந்துட்டாரு. கரியில ஓடுற பஸ்ஸுல திருமானூர் வழியா வந்து, அப்புறம் மாட்டு வண்டி ஏறி வந்தாரு. இறங்கினதும் முதல் கேள்வி, “குடும்பத்தைக் கலைக்கிற ஈக்காரர் நீர்தானா?” திருமானூர்ல ஒரு அம்மா பஸ்ஸை மறிச்சு, பழைய ராணி சமாச்சாரத்தைச் சொல்லி ஒரு பாட்டம் பேசி அனுப்பிச்சாங்களாம். போச்சு, வேலையும் போச்சு, வேதவல்லியும் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். சோமசுந்தரம் வேற பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாரு.

ஆபீசர் வேர்வைக்குத் தொப்பியைக் கழட்டி முந்திரிக் கிளையில மாட்டினாரு. பெட்டியைத் திறக்கலாம்னு நான் குனியறேன், உள்ளேர்ந்து ‘கொய்’னு ஒரு இரைச்சல். பெட்டியில ரெண்டாவது ராணி! பாதி ஈ மேகமாக் கிளம்பித் தோப்பைச் சுத்திச்சு. எங்கெங்கியோ சுத்திட்டு ஆபீசர் தொப்பியில போய் உட்கார்ந்துச்சு. கொஞ்ச நேரத்துல தொப்பியே தெரியலை. கருப்பா, பலாப்பழம் கணக்கா ஒரு கொத்து, தொங்கிக்கிட்டு அசையுது. “ஐயோ, என் தொப்பி!”ன்னு ஆபீசர் வண்டிக்குள்ள ஏறிட்டாரு.

நான் என்ன பண்ணினேன்? “யாரும் பதறாதீங்க! நிதானம்! நிதானம்!”னு கத்திக்கிட்டே தோப்பைச் சுத்தி ஓடினேன். கையில துண்டு வேற, சுழட்டிக்கிட்டு. மூக்குல ஒண்ணு, காதுல ஒண்ணு கொட்டிருச்சு. அப்போதான் பின்னாடிலேர்ந்து, “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?”ன்னு ஒரு குரல். அதுவரைக்கும் நான் கேட்டிராத குரல். வேதவல்லி! கையில முந்திரிப் பழம் பொறுக்குற மூங்கில் கூடை.

சோமசுந்தரம் “ஏ பாப்பா!”ன்னு அலறினாரு. அது திரும்பிப் பார்க்கலை. மெதுவாப் போச்சு. கூடையைக் கவுத்து அந்தக் கொத்துக்கு மேல பிடிச்சுச்சு. வெறுங்கையால, தூங்குற குழந்தையைத் தொடுற மாதிரி, அடியிலேர்ந்து மேல தடவிக் குடுத்துச்சு. ஈயெல்லாம் வரிசை கட்டிக் கூடைக்குள்ள ஏற ஆரம்பிச்சுது. கடைசி ஈயும் ஏறினதும் தொப்பியைத் தட்டி எங்கிட்ட நீட்டி, “வயிறு நெறஞ்ச ஈ கொட்டாதுன்னு நீங்கதானேங்க சொன்னீங்க?”ன்னு கேட்டுச்சு. வீங்கின மூக்கோட நான் ஆமாம்னு தலையாட்டினேன். சந்தோஷத்துல எனக்கு அழுகையே வந்துருச்சு, அதை ஈ கொட்டினதுல வந்த தண்ணின்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க.

ஆபீசர் வண்டியை விட்டு இறங்கித் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. “ஊர் முழுக்க நீர் பேசினதை ஒருத்தியாவது சரியாக் காதுல வாங்கியிருக்கா. வேலை நிலைக்கும், போம்”னாரு. நான் சோமசுந்தரத்தைப் பார்த்தேன். அவரு வேலிக்கு அந்தாண்ட, கிளை தாழக் காய்ச்சுக் கிடந்த பக்கத்துத் தோப்பையே பார்த்துக்கிட்டு நின்னாரு. “தாம்பூலத்தை வெள்ளிக்கிழமையே மாத்திக்குவோம் மாப்பிள்ளே, ஆனா பெட்டியை இன்னிக்கே என் தோப்பு நடுவுல கொண்டாந்து வச்சுடுங்க!”

புது மருமகள்

கல்யாணம் முடிஞ்சு பெரம்பலூர் வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குத் தாங்க முடியாத பெருமை. தெருவுல அத்தனை பேரையும் கூப்பிட்டு, “ஈயைக் கையால அள்ளின பொண்ணு”ன்னு காட்டினாங்க. பலகாரம் குடுத்து, காப்பி குடுத்து, எல்லாரும் உட்கார்ந்திருக்கிறப்போ மருமக மோவாயைத் தொட்டு, “இவன் சொன்னதையெல்லாம் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டியாமே?”ன்னு கொஞ்சினாங்க.

வேதவல்லி என்னை ஒரு ஓரப் பார்வை பார்த்துச்சு. “எல்லாத்தையும் கேட்டேங்க அத்தே, பழைய ராணி சமாச்சாரம் வரைக்கும் கேட்டேன்.” நான் காப்பியை மேல கொட்டிக்கிட்டேன். அம்மா என் பக்கம் திரும்பினாங்க. “அதென்னடா அது, பழைய ராணி?”

அன்னியிலேர்ந்து இன்னிக்கி வரைக்கும், பெட்டியைத் திறந்தா நான் வாயைத் திறக்கிறதில்லை.