புள்ளி வைக்காத பொன்னூர்

எங்கள் கொல்லிமலையில் பொன் ஓடு வேய்ந்த ஊர் ஒன்று மண்ணுக்குள் கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஆண்டுக்கு ஒருவராவது கீழ்நாட்டிலிருந்து கடப்பாரையோடு ஏறி வருவார். நாலு நாள் தோண்டுவார், பலாப்பழத்தை அளவில்லாமல் தின்று வயிறு கெட்டு இறங்கிப் போவார். அவர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர் என் அப்பா. அதே அப்பா பொன்னூர் தேடப் புறப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம்.

அந்த வருடம் சாமை கருகிப்போனது. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோன அப்பா, சிலோன் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவரிடம் வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வாய்ப்பேச்சு இல்லை, கோயில் முன்னால் கற்பூரம் அணைத்த சத்தியம். எங்கள் ஆட்கள் அதை மீற மாட்டார்கள். சாமியே வேறு வேலை சொன்னால்தான் அதற்கு விலக்கு உண்டு.

பெரியப்பா முன்பே அப்படிப் போனவர். "மூத்தவரு போனாரே, ஒரு காயிதம் வந்துதுங்களா?" என்று அம்மா கேட்டாள். அப்பா வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டார்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அம்மாவின் தம்பி, என் மாமா, மலையின் இன்னொரு பகுதியான பைல் நாட்டிலிருந்து வந்தார். எங்கள் சொந்தத்தில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள். சாமிப் பெட்டியில் இருந்த பழைய ஓலை ஏட்டை எடுக்கச் சொன்னார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூத்தவர் பொன் ஊருக்கு வழி" என்று உரக்கப் படித்தார். இரண்டு ஓடை கூடும் இடம், கரும்பாறை, அதற்குக் கிழக்கே ஏற்றம் என்று வழியும் சொன்னது ஏடு.

"மச்சான், இது நம்ம கரும்பாறையேதானுங்க! சாமி பெட்டிக்குள்ள இருந்துட்டுச் சொல்லுதுங்க."

அப்பா வெகுநேரம் ஏட்டையே பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. மறுநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரும்பாறைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மழையாவது வெயிலாவது. விடிந்தால் குழி, பொழுது சாய்ந்தால் வீடு. உள்ளங்கை கொப்பளித்து உடைந்து காய்த்துப்போனது. "பொன்னூர் ராசா போறாரு" என்று ஊர் கேலி பேசியது. சாமி காட்டிய வேலை என்று சொல்லிவிட்டு அப்பா நடந்துகொண்டே இருந்தார். மதியம் களி கொண்டுபோவது என் வேலை. எனக்கு அவமானமாக இருந்தது.

அப்போது ஊரில் புதிதாக வந்திருந்த பள்ளிக்கூடத்தில் நான் படித்தேன். படித்தேன் என்பதைவிட, புள்ளி வைக்காமல் எழுதி அடி வாங்கினேன் என்று சொல்லலாம். ஒருநாள் வாத்தியார் பிரம்பைக் கீழே வைத்து, "இது என்ன ஓலையா? அதுலதான் குத்தினா கிழிஞ்சிரும்னு புள்ளி வெக்க மாட்டாங்க. ஒ, ஓ ரெண்டும் ஒண்ணாத்தான் எழுதுவாங்க. காயிதத்துல வெச்சா என்ன கேடு?" என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து ஏட்டை எடுத்துப் பார்த்தேன். 'பொன ஊருககு' என்றுதான் இருந்தது. அது பொன் ஊராகவும் இருக்கலாம், போன ஊராகவும் இருக்கலாம். எங்கள் முன்னோரில் மூத்தவர் வேறு மலைக்குப் போய்க் குடியேறிய கதை மலையில் எல்லோரும் சொல்வதுதான். மூத்தவர் போன ஊருக்கு வழி! தங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

மதியம் களிச் சட்டியை இறக்கிய கையோடு குழிக்கு மேலே நின்று விஷயத்தைப் போட்டு உடைத்தேன். தோண்ட உதவிக்கு வந்திருந்த மாமா மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டார். கூட வந்த அம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மார்பளவு குழிக்குள்ளிருந்து அப்பா நிமிர்ந்தார். மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"புள்ளி எங்க வெக்கறதுன்னு உனக்குத் தெரியும் கண்ணு," என்றார் என்னிடம். "எனக்கு உங்க மாமன் படிச்சதே போதும்." கடப்பாரை மறுபடி இறங்கியது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு முட்டாள் அப்பாவா என்று நினைத்தேன்.

அதிலிருந்து நாலாம் நாள், கெடு தாண்டியும் அப்பா வராததால் கங்காணியே மலையேறி வந்துவிட்டார். குழியோரம் நின்று, "சத்தியம் பண்ணுனியேப்பா," என்றார்.

"சாமி பொன்னூரக் காட்டியிருக்குதுங்க. அத உட்டுப்போட்டு எங்கீங்க வாரது? இன்னும் ஒரு ஆள் ஆழந்தானுங்க," என்றார் அப்பா. முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

கங்காணி குழியை எட்டிப் பார்த்தார். கிறுக்கன் என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். கப்பல் ஏற அவருக்கு வேறு ஆட்கள் கிடைத்திருப்பார்கள். அவர் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் அப்பா குழியை மூடினார். கடப்பாரையைக் கழுவி மூலையில் சாத்திவிட்டு, சாமை விதைக்க ஏர் பூட்டினார்.

கடைசியில் என் பேச்சைத்தான் அப்பா கேட்டுக்கொண்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.